பார்த்து எழுதிய படம்



நாம் பள்ளியில் பயின்ற காலத்தில் 'பார்த்து எழுதுதல்' பெருங்குற்றமாக இருந்தது. அடுத்திருப்பவனுடைய தாளைப் பார்த்து எழுதி அகப்பட்டவன் பாட வேளை முடியும் வரை பெஞ்சின்மீது நிற்க வேண்டும். ஆனால் சித்திரம் வரைவதையும் 'எழுதுதல்' என்றே நம் முன்னோர் வழங்கினர். ஓவியருக்குக் 'கண்ணுள் வினைஞர்' என்றொரு பெயரும் பழந்தமிழில் உண்டு. அந்தக் கலையிலோ, பார்த்து எழுதுவது குற்றமன்று; பல நாடுகளில் நெடுங்காலம் அதுவே முதற்பாடம். நாற்பது வயதைக் கடந்த பிறகு அந்த முதற்பாடத்தில் போய் உட்கார்ந்த ஒரு மாணவனுடைய அனுபவத்தைத்தான் இன்று தங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுகிறேன். பிறர் எழுதிய வாக்கியத்தை வேறொரு மொழியில் மறுபடியும் எழுதுவது என் தொழில். எனவே சொந்தச் சரக்கு இல்லாதவன் என்ற ஏளனம் எனக்குப் பழகிப்போன ஒன்று. படம் எழுதும் ஆசை சிறு வயது முதலே இருந்தது. கல்லூரியில் கலைப் பாடம் எடுத்துப் பட்டம் பெற்றபோதும் தூரிகையைத் தொட்டதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் நாங்கள் சார்ந்த ஒரு சிறிய சங்கத்துக்குப் பெயர்ப் பலகை எழுத வேண்டியிருந்தது. அச்சடித்த பிளெக்ஸ் பலகை இரண்டு மணி நேரத்தில் கிடைத்துவிடும். இருந்தாலும் எண்ணெய் வர்ணத்தில் கையால் எழுதிய எழுத்தே வேண்டுமென்று பெரியவர் ஒருவர் பிடிவாதம் பிடித்தார். அதனால் நான் தாராவிக்குப் போனேன். தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் ஒரு சந்தில், இருவர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லாத ஓர் அறையில், எழுபது வயதைத் தாண்டிய திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். இளமையில் சென்னையில் சினிமா விளம்பரப் படம் எழுதியவர். பிறகு பம்பாய்க்கு வந்து கடைப் பலகைகள் எழுதியவர். பிளெக்ஸ் வந்த பிறகு அவரைத் தேடி வருவோர் அரிதாகிவிட்டனர். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

அவருடைய அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. இருண்ட வானத்தின் கீழே ஒரு சிலுவை. அதிலிருந்து இறந்துபோன ஏசுநாதருடைய உடலைச் சிலர் கீழே இறக்குகிறார்கள். ஒரு நீண்ட வெள்ளைத் துணி மேலே வலக்கோடியிலிருந்து கீழே இடக்கோடி வரை சரிந்து வருகிறது. அதன்மீது உடலும் சரிகிறது. நான் வந்த வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது நான் எழுதினது இல்லை தம்பி, நான் பார்த்து எழுதினது" என்றார் அண்ணாச்சி.

மூலப்படம் பீட்டர் பால் ரூபென்ஸ் என்ற ஓவியருடையது. இன்று பெல்ஜியத்தில் உள்ள ஆன்ட்வெர்ப் நகரின் தேவமாதா பேராலயத்தில் இருக்கிறது. அந்நகரத்துத் துப்பாக்கி வீரர் சங்கத்தார் 1611-இல் அதை எழுதித் தரும்படி கேட்டனர். நடுப்பலகையும் இரு பக்கப் பலகைகளுமாக 1614-க்குள் முழு வேலையும் முடிந்தது. நடுப்பலகை மட்டும் சுமார் 4.2 மீட்டர் உயரமும் 3.1 மீட்டர் அகலமும் உடையது. 1794-இல் பிரெஞ்சுப் படையினர் அதைப் பாரிஸுக்கு எடுத்துச் சென்றார்கள். 1815-இல்தான் அது ஊர் திரும்பியது. அக்காலத்து ஓவிய முறையைப் 'பரோக்' என்பர். அசையாது நிற்கும் தெய்வத் திருவுருவத்தைக் காட்டிலும், ஒரு செயல் நடந்துகொண்டிருக்கும் கணத்தையே அது பிடிக்க விரும்பும். இருளுக்குள்ளிருந்து ஒளி பாய்வதும், உடல்கள் சாய்வதும் வளைவதும் அதன் இயல்புகள்.

அந்தச் சங்கத்தாருக்குப் பாதுகாவலர் புனித கிறிஸ்டோபர். அப்பெயருக்குக் 'கிறிஸ்துவைச் சுமப்பவர்' என்று பொருள். இதை மனத்தில் வைத்து ரூபென்ஸ் மூன்று பலகைகளிலும் சுமப்பவர்களையே எழுதினார். ஒரு பக்கத்தில், மகவை வயிற்றில் சுமந்து உறவினளைக் காணச் செல்லும் மரியாள். மறுபக்கத்தில், ஆலயத்தில் குழந்தையைக் கையில் ஏந்தும் முதியவர் சிமியோன். நடுவிலே, அவர் இறந்த பின் தாங்குகிறவர்கள். தொழிலால் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இது வியப்பாக இருந்தது. ஒரு பெயரின் பொருளை எடுத்து மூன்று படங்களாகப் பெயர்த்திருக்கிறார் அவர்!

அந்தப் படம் என்னை ஏன் பிடித்து நிறுத்தியது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு என் தந்தையார் காலமானார். அப்போது நாங்கள் மாதுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். லிப்ட் கிடையாது. மரப்படிகள் குறுகலானவை, தளத்துக்குத் தளம் திருப்பம் உண்டு. அந்தத் திருப்பத்தில் பாடை வளையாது. ஊரிலிருந்து உறவினர் வந்து சேர மறுநாளாகும் என்ற நிலை. எனவே ஒரு வெள்ளை வேட்டியில் தந்தையைக் கிடத்தி, கட்டடத்து மனிதர்களே இறக்கினார்கள். கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த குஜராத்திக்காரர் ஒருவர், எதிர் வீட்டு மலையாளி, காவற்காரர், பெயர் தெரியாத இரண்டு இளைஞர்கள். நான் தலைமாட்டில் மேற்படியில் நின்று பிடித்திருந்தேன். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு இத்தகைய நாள் ஒன்று நேர்ந்திருக்கும். தோள் கொடுக்க வேண்டிய உறவு ரயிலில் வந்துகொண்டிருக்கும். தோள் கொடுப்பவர் நம் மொழி அறியாத அண்டை வீட்டாராக இருப்பார்.

"இதை எழுதக் கற்றுக்கொடுங்கள் அண்ணாச்சி" என்று கேட்டேன்.

"சொந்தமா ஒண்ணும் வேணாமா?" என்றார். வேண்டாம் என்றேன். "நல்லது. சொந்தமா எழுதணும்னு வர்றவன் ரெண்டு மாசத்திலே போயிடுறான்" என்றார்.

நகலெடுப்பதை இழிவாக நினைக்கும் வழக்கம் நம்மிடையே இருப்பதால், இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். ரூபென்ஸே வாழ்நாள் முழுதும் பிறருடைய படங்களைப் பார்த்து எழுதியவர். 1628, 1629-ஆம் ஆண்டுகளில் தூதராக மாட்ரிட் நகருக்குச் சென்றபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றிருந்தார். அப்பொழுதும் ஸ்பெயின் அரசருடைய மாளிகையில் இருந்த டிஷியனின் படங்களின் முன் உட்கார்ந்து அவற்றைப் பிரதி செய்தார். டிஷியனின் ஆதாம் ஏவாள் படமும், அதைப் பார்த்து ரூபென்ஸ் எழுதிய படமும் இன்று மாட்ரிட்டின் பிராடோ காட்சிசாலையிலேயே உள்ளன. வரிக்கு வரி பெயர்த்ததுபோல் அவர் செய்யவில்லை. ஆதாமின் உடலைச் சற்றே பின்னுக்குச் சாய்த்தார். மரத்தில் ஒரு கிளியையும் உட்கார்த்தினார். அந்தக் கிளியை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். மொழிபெயர்ப்பில் அப்படி ஒரு கிளியை உட்காரவைத்தால் மேலதிகாரி விட மாட்டார்.

ரூபென்ஸின் சிலுவைப் படத்துக்கும் பிள்ளைகள் உண்டு. லூகாஸ் வோர்ஸ்டர்மன் என்பவர் அதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அச்சுப் படத்தில் இடம் வலமாக மாறியது. அது ஹாலந்துக்குப் போயிற்று. ஆண்டு 1633 அளவில் ரெம்பிராண்ட் அதைத் துணையாகக் கொண்டு தாமும் ஒரு படம் எழுதினார். அது இன்று மியூனிக் நகரில் உள்ளது. ரூபென்ஸின் படத்தில் வீரர்களைப்போல் திரண்ட உடல்கள்; ரெம்பிராண்டின் படத்திலோ தளர்ந்து தொய்ந்த ஒரு சாதாரண மனிதனின் சடலம். ஏணியின்மீது நீல உடையில் நின்று உடலைத் தாங்குபவனுக்கு ரெம்பிராண்ட் தம் முகத்தையே வைத்துவிட்டார். பார்த்து எழுதியதால் அவருடைய சொந்தக் குரல் எங்கும் போய்விடவில்லை.

நம் பக்கத்துக் கதை சற்றே துயரமானது. ரவிவர்மா 1862-இல், பதினான்காம் வயதில், திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, அங்கே தைல வர்ணம் அறிந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர் ஒருவரே. அவர் அந்த வித்தையைச் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவரான ஆறுமுகம் பிள்ளை இரகசியமாக வந்து தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார் என்பர். 1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்பிக்கச் சம்மதிக்கவில்லை. தாம் வரையும்போது அருகிருந்து பார்க்க மட்டும் அனுமதித்தார். கண்ணால் பார்த்தே கற்றவர் ரவிவர்மா. பின்னர் 1894-இல் அவர் அச்சகம் நிறுவியதும் நம் பம்பாயிலேதான். அங்கிருந்து புறப்பட்ட இலட்சுமியும் சரஸ்வதியும் இந்தியாவின் பூஜை அறைகளில் குடியேறினர்.

இதை நான் என் தாயாரிடம் ஒருநாள் சொல்ல நேர்ந்தது. அந்தச் சந்தர்ப்பத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ஞாயிறுதோறும் செம்பூரிலிருந்து பஸ் ஏறிச் சயானில் இறங்கி அண்ணாச்சி வீட்டுக்கு நடந்து போவேன். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று மாதுங்கா வீட்டைக் காலி செய்து நாங்கள் செம்பூருக்குக் குடிபெயர்ந்திருந்தோம். முதல் இரண்டு மாதம் வர்ணத்தையே தொடவில்லை. 36 அங்குல உயரம், 27 அங்குல அகலத்தில் ஒரு கித்தானைச் சட்டத்தில் இழுத்து அறைந்தோம். மூலத்தின் அச்சுப்படத்தின்மீது கட்டம் போட்டு, கித்தானிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போட்டோம். சினிமாப் பலகை எழுதுவோர் சிறிய புகைப்படத்தை நாற்பதடி உயரத்துக்குப் பெருக்கியது இந்த முறையில்தான். கட்டம் போட்டவுடன் முகம், கை, கால் என்பவை மறைந்துபோகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் சில வளைவுகளும் சில இருட்டுகளுமே எஞ்சுகின்றன. அந்தப் படத்தில் ஆறேழு பேர் இருப்பதாக நான் எண்ணியிருந்தேன். கட்டம் கட்டமாக எழுதி முடித்தபோதுதான் ஏசுநாதரைச் சேர்த்து ஒன்பது பேர் என்று தெரிந்தது. மேலே சிலுவையின் குறுக்குமரத்தின்மீது இரண்டு பணியாட்கள் கவிழ்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வெள்ளைத் துணியின் நுனியைப் பல்லால் கடித்திருக்கிறார். ஒரு வருஷமாக அந்தப் படத்தைப் பார்த்தவன் நான். அந்தப் பல்லைப் பார்க்கவில்லை.

பிறகு வர்ணம். வெள்ளைக் கித்தானில் நேரே எழுதக் கூடாது. முதலில் அதன்மீது மெல்லிய சாம்பற் பழுப்பு பூச வேண்டும். ரூபென்ஸும் வெண்பூச்சுப் பூசிய பலகையின்மீது இப்படி ஒரு மங்கல் நிறத்தைக் கோடு கோடாகத் தடவிக்கொண்டே தொடங்குவார். அந்த மங்கலே நடுநிலை. அதிலிருந்து இருளை நோக்கியும் ஒளியை நோக்கியும் நடக்கலாம். அம்பர் என்னும் பழுப்பு வர்ணத்தால் உருவங்களை முதலில் நிறுத்தி, அதன்மேல் நிறம் ஏற்ற வேண்டும். நிழலை மெல்லிதாக, அடிநிறம் தெரியும்படி விட வேண்டும்; வெளிச்சத்தைக் கெட்டியாக வைக்க வேண்டும்.

நான் எல்லா நிழலையும் கறுப்பால் நிரப்பினேன். அண்ணாச்சி ஒரு கந்தல் துணியை டர்பன்டைனில் நனைத்து, என் மூன்று வார வேலையை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார். "நிழல்னா வெளிச்சம் செத்துப்போனதுன்னு நினைச்சீங்களா? அதுலேயும் ஆள் இருக்கான் தம்பி" என்றார். அந்த வாரம் முழுவதும் அலுவலகத்தில் என் மனம் சோர்ந்திருந்தது. சுற்றறிக்கை ஒன்றில் 'உடனடியாக' என்று வர வேண்டிய இடத்தில் 'உடலடியாக' என்று எழுதிவிட்டேன்.

தைல வர்ணம் காய்வது பற்றியும் ஒரு சொல். தண்ணீர் வர்ணத்தில் நீர் ஆவியாகிப் போகிறது. ஆளிவிதை எண்ணெய் அவ்வாறு போவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுத் தானே இறுகிப் படலமாகிறது. ஆகையால் கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேல் அடுக்குகளில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால், மேலே முந்திக் காய்ந்து, கீழே பிந்திச் சுருங்கி, படம் வெடிக்கும். அம்பர் விரைவில் காயும். தந்தக் கறுப்பு மிகவும் தாமதிக்கும். ரூபென்ஸ் பயன்படுத்திய ஈய வெள்ளை விரைந்து காயும், ஆனால் நஞ்சு. நாங்கள் டைட்டேனியம் வெள்ளையை வைத்துக்கொண்டோம். இவ்வளவும் கற்ற பிறகு பம்பாயின் ஆடி மழை வந்தது. கித்தானின் முதுகில் பூஞ்சை பூத்தது. ஆவணி வரை படத்தை முகம் திருப்பி வைத்து, வாரம் ஒருமுறை துடைத்துக்கொண்டிருந்ததே எங்கள் கலைப்பணி.

அந்த மழை நாட்களில் அண்ணாச்சி என்னைக் கோட்டைப் பகுதியிலுள்ள காட்சிசாலைக்குப் போகச் சொன்னார். 1922-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, முன்பு வேல்ஸ் இளவரசர் பெயரில் வழங்கி, இப்பொழுது சத்ரபதி சிவாஜி மகாராஜ் பெயரால் வழங்கும் அதே காட்சிசாலை. டாட்டா சகோதரர்களான ரத்தன், தோராப் இருவரும் சேர்த்த ஐரோப்பிய ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. "அச்சுல வர்ணம் படுத்திருக்கும், அங்கே நிக்கும், பக்கவாட்டிலே நின்னு பாருங்க" என்று சொல்லியனுப்பினார். சன்னல் வெளிச்சத்தில் சாய்ந்து நின்று பார்த்தபோது, வெளிச்சம் விழுந்த இடங்களில் வர்ணம் மேடாக நிற்பதையும், தூரிகை மயிரின் தடங்களையும் கண்டேன். அன்று கொலாபாவிலுள்ள திருநாமப் பேராலயத்துக்கும் போனேன். இத்தாலியில் பிறந்த ஏசு சபைச் சகோதரர் அந்தோனியோ மோஸ்கேனி எழுதிய சுவரோவியங்கள் அங்குண்டு. மங்களூர் அலோசியஸ் ஆலயத்தின் சுவர்களையும் கூரையையும் நிறைத்தவர் அவரே. 1905-இல் கொச்சியில், அங்குள்ள பேராலயத்துப் பணியின்போது காலமானார். அந்தச் சுவர்களில் உள்ள முகங்களை அண்ணாந்து பார்க்கையில், தம் ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து எழுதிய மனிதருடைய கழுத்து எவ்வளவு வலித்திருக்கும் என்றே எனக்குத் தோன்றியது.

ஐப்பசியில் மீண்டும் தொடங்கினோம். எனக்கு மிகக் கடினமாக இருந்தது அந்த வெள்ளைத் துணி. வெள்ளைத் துணிக்கு வெள்ளை வர்ணம் போதும் என்று நினைத்தேன். அருகில் நிற்கும் யோவானின் சிவப்பு அங்கி அதில் படிகிறது. மரியாளின் நீலம் படிகிறது. உடலின் வெளிறிய பசுமஞ்சள் படிகிறது. கலப்படமில்லாத வெள்ளை, நகத்தளவு இடங்கள் சிலவற்றில் மட்டுமே இருந்தது. படிக்கட்டில் நான் பிடித்திருந்த வேட்டியின் நிறம் என்னவென்று நினைத்துப் பார்த்தேன். மாடிச் சுவரின் பச்சை டிஸ்டெம்பர் அதில் படிந்திருக்க வேண்டும். நினைவிலே வெள்ளையாகத்தான் இருக்கிறது.

படம் முக்கால் பங்கு முடிந்ததும், அண்ணாச்சியின் அறையில் இடமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்போதுதான் அம்மா பார்த்தார்கள்.

"ஏண்டா, வீட்டிலே பிணத்தையா மாட்டப்போறே?" என்றார்கள்.

நான் ரவிவர்மாவின் கதையைச் சொன்னேன். நீங்கள் தினமும் பூப்போடும் இலட்சுமியின் படத்திலுள்ள வெளிச்சமும் நிழலும், பட்டுப் புடவையின் மடிப்பும், ஐரோப்பியத் தைல வர்ண முறையைப் பார்த்துக் கற்றவர் எழுதியவைதாம் என்றேன். வாதம் செம்மையாகத்தான் இருந்தது. "இலட்சுமி தாமரையிலே நிக்கிறா. அவளை யாரும் இறக்கலை" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்கள். எனக்கு மறுமொழி அகப்படவில்லை. படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

ஒரு மாதம் அப்படியே இருந்தது. மாலையில் வந்து திருப்பி வைத்து எழுதுவேன். முடிந்ததும் மறுபடி சுவர்ப்புறம் திருப்புவேன். மண்டியிட்ட மகதலேனாவின் தோளில் பட்டும் படாமலும் இருக்கும் பாதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அது கீழே விழும் கால்போல் வந்துகொண்டே இருந்தது. தாங்கப்பட்ட கால்போல் வரவில்லை. பின்னால் அம்மா நிற்பதை நான் கவனிக்கவில்லை.

"அந்த மேலே இருக்கிறவர் ஏன் துணியைப் பல்லாலே கடிச்சிண்டிருக்கார்?"

"இரண்டு கையும் வேலையாய் இருக்கிறது, அம்மா."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். யார் யார் என்று கேட்டார்கள், ஒவ்வொருவராகச் சொன்னேன். நீல உடையில் கை நீட்டுபவள் தாய் என்றதும் தலையை அசைத்தார்கள். பிறகு மறுபடி அந்தப் பல்லுக்கே வந்தார்கள்.

"மாதுங்காவிலே கீழே கடை வெச்சிருந்தாரே, அந்த மனுஷர். திருப்பத்திலே முழங்கால் சுவரிலே இடிச்சு ரத்தம் வந்தது. வேட்டியை விடலை. நான் மேலே நின்னு பார்த்திண்டுதான் இருந்தேன். அப்புறம் வீடு மாறி இங்கே வந்துட்டோம். ஒருநாள் கூப்பிட்டு ஒரு வாய் காப்பி கொடுத்ததில்லையேடா."

அவருடைய முழங்காலில் ரத்தம் வந்தது எனக்குத் தெரியாது. நான் தலைமாட்டில் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சியிடம் போகவில்லை. மாதுங்கா சென்று விசாரித்தேன்; அவர் ரயில் நிலையத்துக்கு அருகில் வேறு கடை எடுத்திருந்தார். என்னை அடையாளம் கண்டு, அப்பாவின் பெயரைச் சொல்லி விசாரித்தார். அவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கு இந்தி அரைகுறை. அவருக்குத் தமிழில் நான்கைந்து சொற்கள். இருவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். படம் அவருக்கு நேர் எதிரே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. போகும்போது ஒருமுறை அதைப் பார்த்து, 'நீங்கள் எழுதியதா?' என்று கேட்டார். பார்த்து எழுதியது என்றேன். கால் இன்னும் சரியாக வரவில்லை என்றார். காப்பியில் சர்க்கரை குறைவு என்றும் சொன்னார்.